கடல் கடந்த கூலி – 12: கதவைச் சாத்திய ஆகஸ்ட்

சென்ற வாரம் ரங்கூன் துறைமுகத்தில் நிறுத்தியிருந்தோம். 1930 மே மாதம். கூலியை உயர்த்தக் கேட்டுத் தெலுங்குத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சரக்கு ஏற்றி இறக்கும் கம்பெனிகள் பர்மியர்களை அழைத்து வந்து வேலையை நடத்தின. சமரசம் ஆனதும் தெலுங்கர்கள் திரும்பினார்கள், கம்பெனிகள் பர்மியர்களைப் போகச் சொல்லிவிட்டன. மே 26 அன்று மூண்ட கைகலப்பு நகரமெங்கும் பரவியது. நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். மாண்டவர்களில் பெரும்பாலோர் இந்தியத் தொழிலாளர்கள். கூலியைத் தீர்மானித்த கம்பெனிக்காரர் ஒருவர்கூட அந்தப் பட்டியலில் இல்லை.

இந்த வாரம் அதே வழக்கு இலங்கைக்கு வருகிறது. வெளியிலிருந்து தொழிலாளி வந்தால் உள்ளூர்த் தொழிலாளியின் வேலை போகுமா? கூலி குறையுமா? ரங்கூனில் கம்பும் கத்தியும் பதில் சொல்லின. இலங்கையிலோ ஓர் அரசாங்கமே பதில் சொன்னது. கமிஷன் வைத்து விசாரித்தது, அறிக்கை வாங்கியது, பிறகு அந்த அறிக்கைக்கு நேர் எதிராக முடிவெடுத்தது.

அந்த முடிவு நடைமுறைக்கு வந்த நாள், 1939 ஆகஸ்ட் 1.

கூலி ஏறாமல் கடன் ஏறிய கதை

ஆகஸ்ட் முதல் தேதிக்குப் போகும் முன் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இலங்கைத் தோட்டங்களில் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆள் தட்டுப்பாடு பற்றிய புலம்பல் ஓயவே இல்லை. 1830-களில் காபிக்காகத் தொடங்கிய ஆளெடுப்பு, 1869-ல் இலைத்துரு நோய் கண்டு காபி அழிந்தபின் தேயிலைக்காகப் பல மடங்கானது. காபிக்கு அறுவடைக் காலத்தில் வந்து போனால் போதும். தேயிலைக்கு வருடம் முழுக்கக் கொழுந்து கிள்ள ஆள் வேண்டும், அதனால் குடும்பத்தோடு லயம் என்ற வரிசைக் குடியிருப்பில் குடியேற்றினார்கள். 1904-ல் தோட்டக்காரர்கள் திருச்சிராப்பள்ளியில் தங்களுக்கென ஓர் ஆளெடுப்பு அலுவலகமே திறந்தார்கள். தூத்துக்குடிப் பாதைக்குத் தட்டப்பாறையிலும் ராமேஸ்வரம் பாதைக்கு மண்டபத்திலும் முகாம்கள் இருந்தன. தோட்டத்தின் எண் அடித்த தகர டிக்கெட்டோடு ஆட்கள் போனார்கள். இவ்வளவு ஆள் தேவைப்பட்ட இடத்தில் கூலி ஏறியிருக்க வேண்டும் அல்லவா? தலைமுறைக் கணக்கில் அது ஏறக்குறைய அசையாமல் நின்றது.

காரணம், ஆள் திரட்டிக் கொண்டுவரும் கங்காணிக்குக் கொடுத்த துண்டு என்ற ஒரு காகிதச் சீட்டு. இந்தக் கங்காணியின் ஆட்கள் இத்தனை ரூபாய் பாக்கி வைத்திருக்கிறார்கள், அதைக் கட்டினால் அவர்களை விடுவிக்கிறோம் என்று தோட்டத் துரை எழுதிக் கொடுப்பது. பக்கத்துத் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமானால் அந்தத் துரை தொழிலாளிக்குக் கூடுதல் கூலி தர மாட்டார். கங்காணிக்குக் கூடுதல் முன்பணம் தந்து, பழைய பாக்கியையும் கட்டி, கூட்டத்தையே தூக்கிப் போவார். கட்டிய தொகை முழுதும் அந்தத் தொழிலாளர்களின் பேரில் புதுக் கடனாக ஏறும். ஆளுக்காகத் துரைமார் போட்டி போடப் போட முன்பணம்தான் ஏறியது, கூலி ஏறவில்லை. சந்தையில் ஒரு பொருளுக்குக் கிராக்கி வந்தால் விலை ஏறும் என்ற விதி இங்கேயும் வேலை செய்தது. ஆனால் ஏறிய விலை கங்காணியின் மடிக்குப் போனது. உழைத்தவருக்கு வந்து சேர்ந்தது கடன் மட்டுமே.

தோட்டத்தின் ஒரு விடியற்காலையைப் பார்த்தால் இந்த ஏற்பாடு கண்ணுக்குத் தெரியும். இருட்டோடு தப்பு ஒலிக்கும். பிரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். கணக்கப்பிள்ளை செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேர் பதிவார். முழு நாள் வேலைக்கு ஒரு பேர். கொழுந்து எடை குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிக் கூலி. அன்று எத்தனை தலை களத்துக்கு வந்ததோ அத்தனைக்கும் கங்காணிக்குத் தலைக்காசு தனியாக உண்டு. மாதச் சம்பளம் தொழிலாளியின் கைக்கு வருமுன் அரிசிக்கும் முன்பணத்துக்கும் கழிப்பு நடந்துவிடும். இப்படிக் கட்டுண்டவர் கூலி போதவில்லை என்று வேலையை விட்டுப் போக முடியாது. போக முடியாதவருக்குக் கூலியை ஏற்றித் தர வேண்டிய அவசியமும் முதலாளிக்கு இல்லை.

துண்டு முறையை 1921-ல் சட்டம் ஒழித்தது. 1922-ல் இந்தியா குடியகல்வுச் சட்டம் இயற்றியது, அடுத்த ஆண்டு இலங்கையில் இந்திய அரசின் ஏஜெண்ட் அமர்ந்தார். 1927-ல் இந்தியத் தோட்டத் தொழிலாளர்களுக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. 1929-ல் மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம் என்று நாள் கூலி நிர்ணயமானது. இந்தச் சட்டத்தில் ஒரு வினோதம் இருந்தது. அது இந்தியத் தொழிலாளருக்கு மட்டுமே பொருந்தியது. பக்கத்துக் கிராமத்திலிருந்து அதே தோட்டத்துக்கு நடந்து வந்த சிங்களத் தொழிலாளிக்குச் சட்டப்படியான கூலி என்று எதுவும் கிடையாது. வந்தவருக்கு ஒரு தரை போட்டார்கள், இருந்தவருக்கு அதுவும் இல்லை. பத்தாண்டுகளுக்குப் பிறகு இந்தக் குறையின் பழி யார் தலையில் விழுந்தது என்பதைக் கவனியுங்கள்.

ரப்பர் விழுந்தது

1925-ல் லண்டன் சந்தையில் ஒரு ராத்தல் ரப்பர் 4 ஷில்லிங்கைத் தாண்டி விற்றது. 1932-ல் அது சில பென்ஸ். தேயிலை, ரப்பர், தென்னை மூன்றையும் நம்பிப் பிழைத்த தீவில் அந்த வீழ்ச்சி யாரையும் விட்டுவைக்கவில்லை. தோட்டங்களில் கூலியைக் குறைத்தார்கள், பல்லாயிரம் பேரைக் கப்பலேற்றித் தமிழ்நாட்டுக்குத் திருப்பினார்கள். கொழும்பில் வேலையில்லாதவர் கூட்டம் பெருகியது. 1934-35 மலேரியாக் கொள்ளை சிங்களக் கிராமங்களைச் சூறையாடியது. நோயோடு பசியும் சேர்ந்து ஆயிரக்கணக்கில் உயிர்களைக் கொண்டுபோனது.

இதற்கு நடுவே அரசியலும் மாறியிருந்தது. 1931-ல் டொனமூர் அரசியலமைப்பு வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை தந்தது. சட்டசபைக்குப் போக விரும்பியவர்கள் பசித்த வாக்காளர் முன் நிற்க வேண்டியிருந்தது. பசிக்குக் காரணம் லண்டன் விலைப்பட்டியல் என்று மேடையில் சொன்னால் யார் காதிலும் ஏறாது. வேலை தேடி வந்து பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் மலையாளி என்றால் உடனே புரியும்.

ஏ. ஈ. குணசிங்க இந்தத் திருப்பத்தின் முகம். 1922-ல் இலங்கைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியவர். 1923 பொது வேலைநிறுத்தத்திலும் 1929 டிராம் வேலைநிறுத்தத்திலும் கொழும்பைக் குலுக்கியவர். அன்று அவர் பின்னால் எல்லா இனத்துத் தொழிலாளரும் நின்றார்கள். பொருளாதார மந்தம் வந்தபின் அவருடைய பத்திரிகை மலையாளிகளுக்கு எதிராகத் திரும்பியது. 1933-ல் கொழும்பு வெள்ளவத்தை நூற்பு நெசவாலையில் நிர்வாகம் கூலியைக் குறைத்தது. அங்கே பெரும்பாலோர் மலையாளிகள். அவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது குணசிங்கவின் சங்கம் அவர்கள் பக்கம் நிற்கவில்லை. கொல்வின் ஆர். டி சில்வா போன்ற இளைஞர்கள்தான் அந்தப் போராட்டத்தைத் தாங்கினார்கள். அந்த இளைஞர்களே 1935-ல் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கினார்கள்.

ரங்கூனையும் வெள்ளவத்தையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு இடத்திலும் தகராறு தொடங்கியது நிர்வாகத்தோடு, கூலி விஷயத்தில். இரண்டு இடத்திலும் அந்தத் தகராறு, தொழிலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான இனச் சண்டையாகப் பெயர் மாறியது. பெயர் மாறிய கணத்திலிருந்து கூலியைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஜாக்சன் எழுதியது

நெருக்கடி முற்றியபோது 1936-ல் அரசாங்கம் சர் எட்வர்ட் ஜாக்சனை விசாரணைக் கமிஷனராக நியமித்தது. வெளிநாட்டிலிருந்து தொழிலாளர் வருவதால் இலங்கையருக்குத் தீங்கு உண்டா, தடுக்க வேண்டுமா என்பது அவர் முன் வைக்கப்பட்ட கேள்வி. 1938-ல் அறிக்கை வெளியானது. இந்தியத் தொழிலாளர் இலங்கையரின் வேலையைப் பறித்தார்கள் என்ற குற்றச்சாட்டு நிற்கவில்லை, தோட்டத் தொழில் அவர்களை நம்பியே இருக்கிறது, வருகையைத் தடைசெய்யப் போதிய காரணம் இல்லை என்பது அதன் சாரம்.

ஏன் அப்படி முடிவுக்கு வர முடிந்தது? கண்டிச் சீமைச் சிங்கள விவசாயிக்குச் சொந்த வயல் இருந்தது. விதைப்பும் அறுப்பும் அவரை ஊரோடு கட்டியிருந்தன. விடியற்காலைப் பிரட்டுக்கு ஓடி, லயத்தில் குடியிருந்து, வருடம் முழுக்க அடிமட்டக் கூலிக்கு உழைக்க அவர் சம்மதிக்கவில்லை. காடு வெட்ட, கட்டடம் கட்ட, வண்டி ஓட்ட ஒப்பந்தத்தில் போனார். தோட்டம் வந்ததால் பாதை வந்தது. கொழும்பு–கண்டி ரயில் 1867-ல் ஓடியது, துறைமுகம் வளர்ந்தது. இந்த வேலைகளில் உள்ளூர்க்காரருக்கும் பங்கு கிடைத்தது. தோட்டத்தில் உழைத்த கை இல்லாமல் இந்த வண்டியோட்டும் வேலை பிறந்திருக்காது.

அப்படியானால் கண்டி விவசாயியின் கோபத்துக்குக் காரணமே இல்லையா? நிச்சயம் இருந்தது. 1840-ன் சட்டம் பத்திரம் காட்ட முடியாத காட்டையும், காடெரித்துப் பயிரிட்ட சேனை நிலத்தையும் அரசுடைமை என்றது. அந்த நிலம் தோட்டக்காரர்களுக்கு விற்கப்பட்டது. மாடு மேய்த்த மலை தேயிலைக்குப் போனது. அவர் இழந்தது வேலையை அன்று, நிலத்தை. நிலத்தை எடுத்தவர்கள் கவர்னர் மாளிகையிலும் லண்டன் கம்பெனிகளிலும் இருந்தார்கள், கைக்கு எட்டவில்லை. மலையில் கூடை சுமந்தவர் கைக்கு எட்டினார்.

முடிவெடுத்த கோடை

1939-ன் நடுவில் அமைச்சரவை தன் முடிவை அறிவித்தது. போக்குவரத்து, பொதுப்பணித் துறை அமைச்சராக அப்போது ஜான் கொத்தலாவல இருந்தார். அரசுத் துறைகளில் நாட்கூலியாக இருந்த இந்தியர்களில், 1934 மார்ச்சுக்குப் பிறகு சேர்ந்தவர்கள் ஆகஸ்ட் 1 முதல் நீக்கப்படுவார்கள். அதற்கு முன் சேர்ந்தவர்கள் தாமாகவே ஊர் திரும்பினால் பயணச் சீட்டும் ஊக்கத்தொகையும் உண்டு.

இந்திய தேசிய காங்கிரஸ் ஜவாஹர்லால் நேருவை அனுப்பியது. ஜூலை நடுவில் அவர் கொழும்பு வந்து அமைச்சர்களைச் சந்தித்தார். சில்லறைச் சலுகைகளைத் தவிர எதுவும் பெயரவில்லை. சிதறிக் கிடந்த இந்தியர் அமைப்புகள் அவர் முன்னிலையில் ஜூலை 25 அன்று ஒன்றுகூடி இலங்கை இந்தியர் காங்கிரஸாயின. பதிலடியாக இந்திய அரசு, ஆகஸ்ட் 1 முதல் கைத்தொழில் தெரியாத தொழிலாளர் எவரும் வேலைக்காக இலங்கை செல்லக் கூடாது என்று தடை போட்டது.

ஒரே நாளில் இரண்டு கரையிலும் கதவு சாத்தப்பட்டது.

இந்த முடிவில் தொட்டது எதை, தொடாமல் விட்டது எதை என்று பார்த்தால் வழக்கின் உண்மை வெளிவரும். அரசு வேலையில் இருந்த சில ஆயிரம் நாட்கூலிகள் மீது கை வைத்தார்கள். தோட்டங்களில் இருந்த லட்சக்கணக்கானோரை விட்டுவிட்டார்கள். இந்தியர் உள்ளூர்க்காரரின் வேலையைப் பறிக்கிறார்கள் என்பது உண்மையானால், பறிபோன வேலைகளின் மலை தோட்டத்தில்தான் இருந்திருக்க வேண்டும். அங்கே கை வைத்தால் நாட்டின் ஏற்றுமதி நின்றுபோகும் என்று அமைச்சர்களுக்குத் தெரியும். அந்த வேலைக்கு அந்தக் கூலியில் வர உள்ளூரில் ஆள் இல்லை என்றும் தெரியும். ஜாக்சன் எழுதியதை அவர்கள் மேடையில் மறுத்தார்கள், செயலில் ஒப்புக்கொண்டார்கள்.

மூன்று ஆட்சேபங்கள்

இந்த வாதத்தை எளிதில் விட்டுவிடக் கூடாது. முதல் ஆட்சேபம்: கொழும்பில் போட்டி நிஜம்தானே? ஆமாம், நிஜம்தான். துறைமுகத்திலும் ரயில்வே பட்டறையிலும் ஒரே மூட்டையை ஒரே மாதிரி தூக்கும் இரண்டு பேர் நின்றார்கள். வேலை சுருங்கும் காலத்தில் ஒருவருக்குக் கிடைத்தது மற்றவருக்கு இல்லாமல் போனது. தாழ்நில ரப்பர் தோட்டங்களிலும் சிங்களரும் தமிழரும் அருகருகே உழைத்தார்கள். அந்த இழப்பைச் சந்தித்தவருக்கு மொத்தக் கணக்கில் நாட்டுக்கு லாபம் என்று சொல்வது ஆறுதலாகாது. வெளியாள் வருகையால் பாதிப்பு என்றால், அதே வேலையை, அதே திறமையோடு, அதே இடத்தில் செய்பவருக்குத்தான் அது முதலில் விழும். ஆனால் அங்கேயும் ஒன்றைக் கேட்க வேண்டும். நிர்வாகம் யாரை மலிவாக எடுக்க முடிந்தது, ஏன் முடிந்தது? குத்தகைக்காரரிடம் கடன்பட்டவரையும், ஊர் திரும்பப் பணமில்லாதவரையும், சங்கத்தில் சேர்த்துக்கொள்ளப்படாதவரையும்தான். அவரைச் சங்கத்தை விட்டுத் தள்ளிய ஒவ்வொரு முறையும் உள்ளூர்த் தொழிலாளி தன் கூலிக்கு எதிரான ஆயுதத்தை முதலாளி கையில் கொடுத்தார்.

இரண்டாவது ஆட்சேபம் வலுவானது. கதவு சாத்திய பிறகு கூலி ஏறியதே! 1939 கடைசியில் தொடங்கி 1940 முழுக்கத் தோட்டங்களில் வேலைநிறுத்த அலை எழுந்தது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்ட போராட்டத்தில் போலீஸ் சுட்டு கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். விசாரணையில் அவருடைய மனைவிக்காக வாதாடியவர் கொல்வின் ஆர். டி சில்வா. 1941-ல் கூலிச் சபைச் சட்டம் வந்தது. புதிய ஆட்கள் வருவது நின்றதால்தான் இவர்களுக்குத் துணிச்சல் வந்தது என்று சொல்லலாம். அதில் ஓரளவு நியாயம் இருக்கக்கூடும். ஆனால் தடை வந்த மறுமாதமே உலகப் போர் மூண்டது, அரிசி விலை ஏறியது, தோட்டப் பொருளுக்குக் கிராக்கி வந்தது. மலாயா ஜப்பானிடம் விழுந்தபின் இலங்கை ரப்பர் நேச நாடுகளுக்கு உயிர்நாடியானது. தோட்டத்துக்குள் இருந்த ஆட்களின் எண்ணிக்கையும் சரிந்துவிடவில்லை. 1946 கணக்கெடுப்பில் இந்தியத் தமிழர் சுமார் 7.8 லட்சம் பேர், தீவின் மக்கள்தொகையில் எட்டில் ஒரு பங்கை ஒட்டி. கூலியை உயர்த்தியதில் ஆள் குறைவைவிடச் சங்கத்துக்கும் சட்டத்துக்கும்தான் பங்கு அதிகம். 1941-ன் சட்டத்துக்கும் 1927-ன் சட்டத்துக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. புதிய சட்டம் தொழிலைப் பார்த்தது, இனத்தைப் பார்க்கவில்லை. தேயிலைத் தோட்டத்தில் உழைக்கும் சிங்களருக்கும் தமிழருக்கும் ஒரே குறைந்தபட்சக் கூலி. உள்ளூர்த் தொழிலாளியின் காலடியில் முதல்முறையாகத் தரை விழுந்தது இதனால்தான். வெளியாளைத் துரத்தியதால் அது விழவில்லை.

மூன்றாவது ஆட்சேபம்: இது இலங்கைக்கு மட்டுமான கதையாக இருக்கலாமே? அமெரிக்காவைப் பார்ப்போம். 1942-லிருந்து மெக்சிகோ விவசாயத் தொழிலாளரைப் பருவ வேலைக்கு எடுத்துவந்த பிரசெரோ திட்டத்தை, உள்ளூர்க் கூலி உயரட்டும் என்று சொல்லி 1964 முடிவோடு நிறுத்தினார்கள். ஏறத்தாழ 5 லட்சம் பேர் வருவது நின்றது. பொருளியலாளர் மைக்கேல் கிளெமன்ஸ் குழுவினர் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், அந்த ஆட்களை இழந்த மாநிலங்களில் பண்ணைக் கூலி மற்ற மாநிலங்களைவிட வேகமாக ஏறவில்லை. பண்ணையார்கள் தக்காளி பறிக்க இயந்திரம் வாங்கினார்கள், இயந்திரம் இல்லாத பயிர்களைக் குறைத்தார்கள். 1980-ல் கியூபாவிலிருந்து சுமார் 1.25 லட்சம் பேர் சில மாதங்களில் ஃபுளோரிடாவில் வந்து இறங்கினார்கள், அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் மயாமி நகரில் தங்கினார்கள். உள்ளூர்க் கூலி விழவில்லை என்றார் பொருளியலாளர் டேவிட் கார்ட், 1990-ல். பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களின் கூலி விழுந்தது என்று பின்னாளில் ஜார்ஜ் போர்ஹாஸ் மறுத்தார். அந்தச் சர்ச்சை ஓயவில்லை. ஆனால் இருவரின் சண்டையும் மிகக் குறுகிய ஒரு பிரிவினரைப் பற்றியது. அந்த வருகையால் நாடு முழுதும் கூலி சரிந்தது என்று அவர்களில் யாரும் சொல்லவில்லை.

கடலின் இந்தப் பக்கம்

இதுவரை ஆட்கள் போய் இறங்கிய கரையைப் பார்த்தோம். அவர்கள் கிளம்பிய கரை என்ன ஆனது? எடுத்துக்காட்டாக, ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா 1910 வரை திருநெல்வேலி ஜில்லாவிலும், பிறகு புதிதாக உருவான ராமநாதபுரம் ஜில்லாவிலும் இருந்தது. மேற்கே மலையடிவாரத்தில் கண்மாய்ப் பாசனமும் நெல்லும். கிழக்கே ஆலங்குளம் பக்கம் போகப் போக வானம் பார்த்த கரிசல். பருத்தி, கம்பு, சோளம். மழை பொய்த்தால் வேலை இல்லை. இப்படிப்பட்ட ஊர்களின் நிலமில்லாத கூலிக்காரருக்குக் கங்காணி ஒரு வாசலைத் திறந்து காட்டினார். அந்த வாசலுக்கு அப்பால் இருந்தது நரகமா சொர்க்கமா என்பதை முந்தைய வாரங்களில் பார்த்துவிட்டோம். இங்கே கவனிக்க வேண்டியது வேறு. வாசல் இருப்பதே ஊரிலிருந்த பண்ணைக்காரரைச் சற்று யோசிக்க வைத்தது. இலங்கைக்கும் மலாயாவுக்கும் ஆள் போவதால் பண்ணையாள் கிடைப்பதில்லை, கூலி ஏறுகிறது என்று தஞ்சை மிராசுதார்கள் அரசாங்கத்திடம் முறையிட்டார்கள். வெளியே போக வழி இருந்தால் உள்ளே இருப்பவரின் கூலிக்கும் வலு கூடும் என்பதற்கு முதலாளிகளின் இந்தப் புலம்பலைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

1939-ல் அந்த வாசல் அடைபட்டது. தொழிலாளியைப் பாதுகாக்கவே தடை என்று டெல்லி சொன்னது. கௌரவப் பிரச்சினையில் அது நியாயமான பதிலாகவும் தெரிந்தது. ஆனால் கரிசல்காட்டுக் கூலிக்காரருக்கு ஒரு வழி குறைந்தது. மிச்சமிருந்த வழிகள் சில. விக்கிரமசிங்கபுரத்திலும் தூத்துக்குடியிலும் மதுரையிலும் ஹார்வி பஞ்சாலைகள், 1923-லிருந்து சிவகாசியில் தீப்பெட்டி, 1936-ல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ். செப்டம்பரில் போர் வந்து பட்டாளத்துக்கு ஆளெடுப்பும் தொடங்கியதால், தடையின் தனி விளைவை எடை போட அவகாசம் கிடைக்கவில்லை. கரிசலில் மேலும் பெரிய சோதனை பின்னால் காத்திருந்தது.

அதற்கு முன் இந்த வாரத் தீர்ப்பைச் சொல்லிவிடலாம். வெளியாள் வந்து நிற்பதால் மட்டும் கூலி விழுவதில்லை. வேலையை விட்டுப் போக முடியாத நிலையில் அவரைக் கட்டி வைத்தால் விழுகிறது. கட்டு எதுவாகவும் இருக்கலாம். அன்று துண்டுச் சீட்டு, 1948-க்குப் பிறகு குடியுரிமை மறுப்பு. நாடற்றவராக்கப்பட்ட தோட்டத் தொழிலாளி லயத்தை விட்டு வேறு தொழில் தேடிப் போக வழியின்றி அங்கேயே மலிவாகக் கிடைத்தார். இன்று ராஜபாளையம் வட்டாரத்து நூற்பாலைகளில் வடமாநிலத்தவர் வேலை செய்கிறார்கள். கூலி குறைவது இவர்களால்தான் என்ற பேச்சும் காதில் விழுகிறது. மாநிலம் விட்டு மாநிலம் வந்த தொழிலாளிக்கு, அதே வேலை செய்யும் மற்றவருக்குத் தரும் கூலியையே தர வேண்டும் என்று 1979-லேயே நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அந்தச் சம கூலி அவருக்குக் கிடைக்கிறதா, விடுதியின் கேட்டைத் தாண்டி வேறு வேலை தேட அவரால் முடிகிறதா என்று கேட்பதில்தான் உள்ளூர்த் தொழிலாளியின் நலனும் இருக்கிறது.

அடுத்த வாரம் கதை திசை திரும்புகிறது. 1964 அக்டோபர் 30. இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், நாடற்றவராயிருந்த 9.75 லட்சம் பேரில் பெரும்பாலோரின் தலைவிதி பங்கிடப்பட்டது. 5.25 லட்சம் பேர் இந்தியாவுக்கு. அதே ஆண்டு டிசம்பரிலேயே புயல் தனுஷ்கோடியை அழித்தது. பிறகு தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பல் கப்பலாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். சுண்ணாம்புக்கல் கிடைத்த ஆலங்குளத்தில் அரசு சிமெண்ட் ஆலை உற்பத்தியைத் தொடங்கியதும் அதே காலத்தில்தான், 1970-ல். இப்போது வெளியாள் என்று வந்தவர்கள் நம் தாத்தாக்களோடு கிளம்பிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள். இலங்கையில் சிங்களத் தொழிலாளி கேட்ட கேள்வியைத் தமிழ்நாட்டுத் தொழிலாளி இவர்களைப் பார்த்துக் கேட்டாரா? கேட்டிருந்தால், அதற்கு நாம் என்ன பதில் வைத்திருந்தோம்?

(தொடரும்)